வீட்டுக் கல்வியும் பெற்றோர் இடும் மதிப்பெண்ணும்

(திருத்தணியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதம் யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புராணமுமன்று, இலக்கணமுமன்று. சென்ற ஆண்டு நம் சங்கத்தார் கல்விப் பரிசுக்குரிய விண்ணப்பங்களைப் பார்வையிட்ட காலத்தில், தந்தையார் ஒருவர் தம் மகளின் மதிப்பெண் பட்டியலைக் கொணர்ந்து கொடுத்தனராம். அதில் எப்பள்ளியின் முத்திரையும் இல்லை. தமிழ் 98, கணக்கு 100, ஆங்கிலம் 95 என்று கோடிட்டு எழுதி, அடியிற் கையொப்பமிட்டிருந்தவர் அத்தந்தையாரே. பெண் பள்ளிக்குச் செல்வதில்லை, வீட்டிலேயே கற்கிறாள் என்பது அவர் கூறிய சமாதானம். பரிசுக் குழுவிலிருந்தோர் சிலர் நகைத்தனர், சிலர் விதியை எடுத்துக் காட்டினர், விண்ணப்பம் தள்ளப்பட்டது. அப்பெண்ணை வரவழைத்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்போம் என்று எவரும் கூறியதாகத் தெரியவில்லை. இச்செய்தி என் செவிக்கு எட்டிய நாள் முதல், வீட்டில் வைத்துப் பிள்ளைக்குக் கற்பிக்கும் பெற்றோர் அப்பிள்ளையின் வேலையை எங்ஙனம் பார்ப்பது, எங்ஙனம் அளப்பது என்னும் வினா என் உள்ளத்தை விட்டகலவில்லை. அதனையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

வீட்டில் கற்பித்தல் நேற்று முளைத்த புதுமை என்று நினைப்போர் பலர். அஃது அங்ஙனமன்று. 1822-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்தனுப்புமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். வந்த கணக்குகளைத் தொகுத்து 1826 மார்ச்சு மாதம் அவர் எழுதிய குறிப்பில் மாகாணத்துப் பள்ளிகள் 12,498 என்றும், மக்கள் தொகை 1,28,50,941 என்றும் காண்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அதனினும் வியப்பானதொரு தொகையும் அங்குண்டு. சென்னைப் பட்டணத்தில் மட்டும் தத்தம் இல்லங்களிலேயே கல்வி பயின்றோர் 26,963 பேர் என்று கலெக்டர் எழுதியிருந்தார். அப்பட்டணத்துப் பள்ளிகளில் பயின்றோர் தொகையைப்போல் இஃது ஐந்து மடங்கிற்கும் அதிகம். மன்றோ இவ்வெண்ணில் ஏதோ பிழையிருத்தல் கூடும் என்று ஐயுற்றார். ஆயினும் உறவினரிடமும் தனி ஆசிரியரிடமும் வீட்டிலிருந்தே கற்போர் மிகப் பலர் என்பதை அவர் மறுக்கவில்லை. அக்கணக்குகளில் பெண்மக்கள் தொகை மிகச் சொற்பம் என்பதையும் இப்பொழுதே சொல்லி வைக்கிறேன். பின்னர் அதற்கு மீளவேண்டியிருக்கும்.

அந்நாளில் வீட்டிற் பயின்ற அப்பிள்ளைகளுக்கு மார்க்கு இட்டவர் யார்? ஒருவருமில்லை. திண்ணைப் பள்ளியிலும் மார்க்கு என்பது கிடையாது. எண்சுவடியோ, ஆத்திசூடியோ, நிகண்டோ எதுவாயினும், பாடத்தைத் தவறின்றி ஒப்பித்தாலன்றி அடுத்த ஏடு புரளாது. நூற்றுக்கு 35 வாங்கினால் போதும், மீதி 65 பங்கு தெரியாவிட்டாலும் மேல் வகுப்பிற்குப் போகலாம் என்னும் ஏற்பாடு அக்காலத்து உபாத்தியாயருக்கு விளங்கியே இராது. கீழ்வாயிலக்கம் பாதி தெரிந்த ஒருவனிடம் எந்த மளிகைக் கடைக்காரர் கணக்கை ஒப்படைப்பார்? மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோரின் பாடத்தைக் கேட்பான். உபாத்தியாயர் சட்டாம்பிள்ளையினுடையதைக் கேட்பார். இவ்வழக்கத்தினின்று தாம் கற்றுக்கொண்டதைத்தான், சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை மேற்பார்த்த ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையென்று 1797-ஆம் ஆண்டு இலண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். மணலில் விரலால் எழுதிப் பழகும் நம் வழக்கமும் அவ்வழியே கடல் கடந்தது.

பழமையைப் புகழ்வதற்காக இதனைச் சொன்னேனல்லேன். திண்ணைப் பள்ளியிற் பிரம்பும் இருந்தது, கோதண்டமும் இருந்தது, பல குலத்துப் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் ஏற இடமில்லாமலும் இருந்தது. ஒப்பித்தவன் பொருளறிந்து ஒப்பித்தானா என்று பார்ப்பாரும் அரியர். ஆயினும் பாடம் முற்றும் வரும்வரை காத்திருத்தல் என்னும் ஒரு நற்பழக்கம் அங்கே இருந்தது. முப்பது பிள்ளைகளை ஒரு வகுப்பில் வைத்துக்கொண்டு, மணி அடித்தவுடன் அடுத்த பாடத்திற்கு ஓடும் என் போன்றோருக்கு அப்பழக்கம் எளிதன்று. ஒன்றிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு எளிது. வீட்டுக் கல்விக்குரிய பெரும்பேறு அதுவே.

இனி, அளப்பதற்கு என்ன கோல் கொள்வது? யான் தமிழ் படித்தவனாதலின் நன்னூலையே நாடுவேன், பொறுத்தருள்க. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூலின் பாயிரப் பகுதியில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று மூவகைப்படுத்தியிருக்கிறார். இதுவும் ஒரு தரம் பிரித்தல்தான். ஆனால் எண்ணால் அன்று, உவமையால். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், வயிறார மேய்ந்து பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. உழுவோனின் முயற்சியளவே பயன் தரும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததையன்றி வேறு சொல்லாத கிளியும் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், இங்கும் அங்கும் நுனிப்புல் மேயும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யைக் கீழே விட்டு மண்டியைத் தான் பற்றிக்கொள்ளும் நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர்.

இதனைப் பிள்ளைகளை வைவதற்குரிய பட்டியலாகவே ஆசிரியர் பலர் பயன்படுத்தி விட்டனர். எருமையே என்று விளித்தற்குப் பாயிரத்தின் துணை வேண்டுவதில்லை. அஃது ஒரு வைத்தியனுடைய நாடிக்குறிப்பைப் போன்றதென்பது என் கருத்து. ஒரே தேர்வில் 60 வாங்கிய இரு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி மனப்பாடஞ் செய்ததையெல்லாம் எழுதி, சற்றே மாற்றிக் கேட்ட வினாக்களை விட்டுவிட்டாள், அவள் கிளி. மற்றொருவன் பொருளெல்லாம் விளங்கியவன், ஆனால் போன மாதத்துப் பாடம் முழுவதையும் மறந்துவிட்டான். அவன் ஓட்டைக் குடம். இருவருக்கும் எண் ஒன்றே, மருந்து வேறு. கிளிக்குப் புதிய வினா வேண்டும். ஓட்டைக் குடத்திற்குப் பழைய வினாவே மீண்டும் மீண்டும் வேண்டும். எண் மட்டும் எழுதி வைத்த தகப்பனாருக்கு இவ்வேறுபாடு தெரியப்போவதில்லை. ஆகவே பெற்றோர் எண்ணுக்கு அருகில் ஒரு சொல்லாவது எழுதிவைத்தல் வேண்டும். அன்னமென்றும் எருமையென்றும் எழுதவேண்டா. ‘மறந்தாள்’, ‘விளங்கவில்லை’, ‘அவசரம்’, ‘தானே கண்டாள்’ என்று எழுதினாற் போதும்.

அப்பாயிரமே இன்னொரு கணக்கும் தருகிறது. ஆசிரியன் சொல்லக் கேட்டுச் செவ்வையாக மனத்துக் கொண்டாலும் மாணாக்கனுக்கு வந்தது கால் பங்கு. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் வருவது மற்றொரு கால். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது வருவது எஞ்சிய அரை. இதுவன்றோ மார்க்குத் திட்டம்! நம் பரீட்சைகள் அளப்பதெல்லாம் பெரும்பாலும் முதற் கால் பங்கைத்தான். வீட்டில் தனியே கற்கும் பிள்ளைக்கோ இரண்டாங் காலுக்கு உடன் பயில்வோர் இலர்; அரைப் பங்கிற்குக் கேட்போர் இலர். பெற்றோர் எவ்வளவு கருத்துடன் திருத்தினாலும் இம்முக்காற் பங்கினை வீட்டுச் சுவர்களுக்குள் முற்றும் அளத்தல் அரிது.

நோட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கிய தாய் தந்தையர் செய்யத் தக்கவை சிலவற்றை இப்பொழுது சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப் பாடத்தைப் பார்ப்போருக்கும் இவை உதவும்.

முதலாவது, பிழையைக் கண்டவுடன் சரியான விடையை எழுதிக்கொடுக்காதீர்கள். அவ்வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இவ்வரியில் ஒரு பிழையுண்டு, நீயே கண்டுபிடி என்று விடுங்கள். பிழையைத் தானே தேடிக் கண்ட பிள்ளை அதனை மீண்டும் செய்வது குறைவு. சிவப்பு மையால் பக்கமெல்லாம் திருத்திக் கொடுத்தால், வேலை செய்தவர் நீங்களே. பிள்ளை வேடிக்கை பார்த்தது.

இரண்டாவது, பிழைக்குக் காரணம் இன்னதென்று தேடுங்கள். 52-இல் 27 போக மீதி 35 என்று ஒரு பிள்ளை எழுதினால், அது கவனக்குறைவு என்று நம்மவர் தலையிற் குட்டுகின்றனர். சற்று நின்று பாருங்கள். இரண்டில் ஏழு போகாது. ஆகவே ஏழில் இரண்டைக் கழித்து 5 என்றும், ஐந்தில் இரண்டைக் கழித்து 3 என்றும் எழுதியிருக்கிறது. எப்பொழுதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதி செய்துகொண்டு அவ்விதியைத் தவறாது பின்பற்றுகிறது! இத்தகைய பிள்ளை பத்துக் கணக்குப் போட்டால், கடன் வாங்க வேண்டிய ஆறும் தவறும். வேண்டாத நான்கும் சரியாகும். நூற்றுக்கு நாற்பது என்று எழுதி மூடினால், பிள்ளைக்குக் கழித்தலில் நாற்பது பங்கு தெரியும் என்றாகிவிடும். தெரியாதது ஒன்றே ஒன்று. அவ்வொன்றைப் பத்துப் புளியங்கொட்டைகளைக் கட்டாகக் கட்டி, அவிழ்த்துக் காட்டினால் ஒரு மாலையில் தீர்ந்துவிடும். விடை 25 என்று வந்தபின் 25-உடன் 27-ஐக் கூட்டி 52 வருகிறதா என்று பிள்ளையே சரிபார்க்கட்டும்.

பெருக்கல் பார்க்கத் தெரியாத பெற்றோருக்கும் ஒரு பழைய உபாயம் உண்டு. ஒன்பது தள்ளிப் பார்த்தல் என்பர். 347-ஐ 26-ஆற் பெருக்கிப் பிள்ளை 9022 என்று எழுதியிருக்கிறது. 347-இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, அதையும் கூட்டினால் 5. 26-க்கு 8. ஐந்தெட்டு நாற்பது, அதைக் கூட்டினால் 4. விடையாகிய 9022-ஐக் கூட்டினால் 13, அதைக் கூட்டினால் 4. இரண்டும் 4, பெரும்பாலும் கணக்குச் சரி. ஒத்து வராவிடில் கட்டாயம் தவறு. ஒத்து வந்தாலும் இலக்கம் இடம் மாறியிருந்தால் இவ்வுபாயம் காட்டிக்கொடாது. 9202 என்று எழுதியிருந்தாலும் நாலேதான் வரும். அதனையும் பிள்ளைக்கே சொல்லிக்கொடுங்கள். சோதனைக்கும் ஒரு சோதனையுண்டு என்று அது மகிழும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. நம் வட்டாரம் சித்தூர் ஜில்லாவில் இருந்து, 1953-இல் ஆந்திர ராஜ்யத்தோடு போய், 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது என்பது இங்குள்ள மூத்தோர் அறிந்ததே. இன்றும் பல வீடுகளில் பாட்டியார் தெலுங்கு பேசுவார்; தாயார் இரண்டும் பேசுவார்; பிள்ளை தமிழில் எழுதும். அத்தகைய வீட்டுப் பிள்ளை ‘அக்கா வந்தது’, ‘அம்மா சமைத்தது’ என்று எழுதக் காண்கிறோம். தெலுங்கில் ஒருமையில் பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்று ஒன்றே. பிள்ளை தாயை அவமதிக்கவுமில்லை. திணை பால் அறியாததுமன்று. ஒரு மொழியின் இலக்கணத்தை மற்றொன்றில் மிகச் சரியாகப் பயன்படுத்திவிட்டது. அதற்கு மார்க்கைக் குறைப்பதற்கு முன், இரண்டு மொழியிலும் அவ்வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி வேறுபாட்டைக் காட்டுங்கள். ழகர ளகர மயக்கத்தை அதனோடு சேர்த்து எண்ணலாகாது. அது நாவின் பிழை, உரக்கப் படித்தால் தீரும். றகர ரகர மயக்கம் செவியாலும் தீராது. கண்ணாற் பலகாற் கண்டு பழகினாலே தீரும். மூன்று பிழைக்கும் மூன்று வழி.

எழுத்தறியாத பெற்றோர் என் செய்வது என்று தாய்மார் பகுதியிலிருந்து ஒருவர் கேட்பது செவியில் விழுகிறது. நல்ல கேள்வி. நம்மிற் பலர் பொதட்டூர்ப்பேட்டை, ஆர். கே. பேட்டைப் பக்கங்களில் தறியோடு வளர்ந்தவர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்கிறோம்? தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, அங்கேயே முடிச்சிடுகிறோம். துணி முழுவதும் நெய்து மடித்த பிறகு, இதில் நூற்றுக்கு எழுபது இழை நன்றாயிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தார் சுற்றும் பிள்ளையின் வேலையைப் படிக்காத பாட்டி கைவிரலால் தடவிப் பார்த்தே தளர்ச்சியைக் கண்டுபிடிக்கிறார். அக்கண் கல்விக்கும் உதவும். இன்று படித்த பக்கத்தைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். எங்கே தடுமாறுகிறது, எங்கே விரல் நிற்கிறது, எங்கே குரல் தாழ்ந்து மழுப்புகிறது என்பதைக் காண எழுத்தறிவு வேண்டியதில்லை. படித்தபின் புத்தகத்தை மூடச்செய்து, என்ன சொல்லியிருக்கிறது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லக் கேளுங்கள். புரியவில்லையானால் புரியவில்லை என்று சொல்லுங்கள். உண்மையிலேயே தெரியாதவருக்கு விளக்குவதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. பவணந்தியார் அரைப் பங்கு கொடுத்தது அதற்கே. நாலு நாள் கழித்து அதே பக்கத்தை மீண்டும் கேளுங்கள். நாளைக் குறித்து வைக்கச் சுவரிலுள்ள நாட்காட்டி போதும்.

எண்ணால் மார்க்கு இடவே கூடாதா என்றால், இடலாம், வாரந்தோறும் வேண்டா. மார்க்கு என்பது வானத்தினின்று இறங்கிய பொருளன்று, மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை நடத்த இயலாமல், காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 பங்கும், வருகைப் பதிவிற்கு 20 பங்கும் என்று கணக்கிட்டு நம் அரசு மதிப்பெண் வழங்கிற்று. பள்ளிக்கு வந்தமர்ந்ததற்கே ஐந்திலொரு பங்கு! அன்றைய நிலைமைக்கு வேறு வழியுமில்லை. அதே நோய்க்காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. 2021 நவம்பரில்தான் சிறு பிள்ளைகள் திரும்பினர். அக்காலத்தில் நாமனைவரும் விரும்பியோ விரும்பாமலோ வீட்டுக் கல்விப் பெற்றோராயிருந்தோம். திரும்பி வந்த பிள்ளைகளிற் சிலர் எழுத்துக் கூட்டவும் மறந்திருந்தனர்.

அதன்பின் அரசு 2022 ஜூன் மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்னும் திட்டத்தில், பிள்ளைகளை வகுப்பால் பிரியாமல், கற்ற அளவால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தனர். முதல், இரண்டாம், கடை என்பதைவிட இப்பெயர்கள் எவ்வளவோ மேல். அரும்பு கடைப்பட்டதன்று, இன்னும் மலராதது, அவ்வளவே. வீட்டிலும் இதனைக் கொள்ளலாம். ஆனால் பிள்ளை முழுவதையும் அரும்பென்று சொல்லாதீர்கள். படித்தலில் மலராயிருக்கும் பிள்ளை வகுத்தலில் அரும்பாயிருக்கும்.

பெற்றோர் இடும் மதிப்பெண்ணில் இரண்டு நஞ்சு கலப்பதுண்டு. ஒன்று அன்பு, மற்றொன்று சினம். அன்பு மிக்கவர் பிள்ளை எழுத வந்ததை ஊகித்துக்கொண்டு சரியென்று இட்டுவிடுகின்றனர். சினம் மிக்கவர் பகலிற் கடையில் பட்ட நஷ்டத்தை இரவில் பிள்ளையின் கட்டுரையில் கழிக்கின்றனர். இவ்விரண்டிற்கும் மாற்று வேறொருவர் கண்ணே. உ. வே. சாமிநாதையர் சரித்திரத்தைப் படித்தோர் அறிவர்: அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் தாமே சங்கீதத்தில் வல்லவர், ஆயினும் தம் மகனுடைய தமிழைத் தாமே அளந்து திருப்தியுறவில்லை. அரியலூர்ச் சடகோபையங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் முதலியோரிடம் அழைத்துச் சென்று, பின் 1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முன் நிறுத்தினார். பிள்ளையவர்கள் வைத்த பரீட்சை மிகச் சிறிது: நைடதத்தில் ஏதேனும் ஒரு பாட்டைச் சொல்லி அதன் பொருளையும் சொல்லுக என்றார். ஒரு பாட்டு, அதற்குப் பொருள். அவ்வளவில் பிள்ளையின் அளவு தெரிந்துவிட்டது. மகனைக் குறித்துத் தம் கணிப்பே முடிந்த முடிபென்று அத்தந்தையார் இருந்திருப்பாரேல், நமக்குச் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் எப்படிக் கிடைத்திருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருங்கக் கூறுகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பது அதன் நோக்கம். வீட்டுக் கல்வியைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வீட்டிற் கற்ற பிள்ளைக்குக் கதவு அடைபட்டும் இல்லை. 1989-இல் நிறுவப்பட்டு இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று வழங்குவதில், 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு ஒப்பான மூன்று நிலைகள் உண்டு. 14 வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்புக்கு ஒப்பான தேர்வெழுதலாம். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 33. அதிலும் வீட்டிலிருந்து எழுதியனுப்பும் பயிற்சிக் கட்டுரைக்கு 20 பங்கு உண்டு. நம் மாநிலத் தேர்வுத் துறை பன்னிரண்டரை வயது நிரம்பிய தனித் தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்திவருகிறது. விதிகள் மாறுவன, விண்ணப்பிக்கும் ஆண்டில் கல்வி அலுவலகத்திற் கேட்டுத் தெளிக. இவற்றுக்கெல்லாம் முந்திய ஆண்டுகளில் பிள்ளை கற்றதற்குச் சாட்சி, நாளிட்டு வைத்த ஏடுகளேயன்றி வேறில்லை.

இப்பொழுது, சொல்லவேண்டுமோ வேண்டாவோ என்று யான் பலகால் எண்ணிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்றோவின் கணக்கில் பெண்கள் சொற்பம் என்றேன். இன்று நம் பெண்மக்கள் பள்ளியிற் சேர்கின்றனர், முதன்மையாகத் தேறுகின்றனர், மகிழ்ச்சி. ஆயினும், பெண் பெரியவளானபின் சில வீடுகளில், ‘அவள் வீட்டிலேயே படிக்கிறாள்’ என்னும் சொல் புறப்படுகிறது. என்ன படிக்கிறாள் என்று கேட்டால் விடையில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், தறிக்குத் தார் சுற்றுகிறாள், அடுப்படியில் நிற்கிறாள். இதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் சூட்டுவது அப்பெயருக்கே இழுக்கு. உண்மையாகக் கற்பிக்கும் பெற்றோருக்கும் இதனால் பழி வருகிறது. சென்ற ஆண்டு அத்தந்தையாரைப் பார்த்து நகைத்தோர் உள்ளத்தில் இந்த ஐயமே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாய்விட்டுக் கேட்கத்தான் நம்மவருக்குக் கூச்சம்.

கூச்சத்தை விடுவோம். வீட்டில் படிக்கிறாள் என்று யாரேனும் சொன்னால், சென்ற வாரத்து நோட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்போம். அதில் பிழை உண்டா, பிழை திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம். பிழையே இல்லாத ஏடும் ஐயத்திற்குரியதே. படிக்கிற பிள்ளை தவறு செய்யும். எந்தத் தேர்வுக்கு, எந்த ஆண்டில் என்று கேட்போம். மூன்றுக்கும் விடையில்லையானால், அப்பெண் நாளையே பள்ளிக்குத் திரும்ப வேண்டும். சேர்ப்பதற்கு உடன் வர யான் ஆயத்தம். பதினெட்டு நிரம்பாத பெண்ணின் திருமணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் இவ்விடத்திற் சேர்த்தே சொல்கிறேன். ஏன் சேர்த்தேன் என்பது இங்கிருப்போருக்கு விளங்கும்.

(சபையில் சிறிது நேரம் பேச்சு. தலைவரவர்கள் அமைதி வேண்டினார்.)

வருந்துவோர் வருந்துக. நம் ஊரிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணர் பெயரால் ஆண்டுதோறும் ஆசிரியர் தினத்தன்று எனக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அப்பொன்னாடைக்கு இவ்வளவேனும் யான் பேசவேண்டாவா?

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பரிசு கொடுப்பதை யான் குறைகூறவில்லை. அதனோடு வேறொன்றும் சேர்க. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை இதே மண்டபத்தில் பிள்ளைகள் தத்தம் ஏடுகளோடு வரட்டும். பள்ளியிற் படிப்போரும் வரலாம், வீட்டிற் படிப்போரும் வரலாம், நம் குலத்தாரல்லாத அயல்வீட்டுப் பிள்ளைகளும் வரலாம். ஒரு பெற்றோரின் பிள்ளையை மற்றொரு பெற்றோர் பார்க்கட்டும். தம் பிள்ளையைத் தாமே பார்த்தல் கூடாது. ஒவ்வொரு பிள்ளையும் அம்மாதம் கற்றதில் ஒன்றை, ஒரு பாட்டோ ஒரு கணக்கோ, இளைய பிள்ளை ஒன்றுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். விளங்கிற்றா இல்லையா என்று அவ்விளைய பிள்ளையே சொல்லட்டும். இஃது உடன்பயில்வோர் கால் பங்குக்கும், எடுத்துரைக்கும் அரைப் பங்குக்கும் ஆகும். முதல் இரண்டு என்று வரிசை வேண்டா. சங்கத்து ஏட்டில் பிள்ளையின் பெயர், நாள், சொன்ன பொருள், பார்த்தவர் கையொப்பம் இவ்வளவும் பதிந்தால், வீட்டிற் கற்கும் பிள்ளைக்குத் தந்தையார் கையொப்பமன்றி வேறொரு கையொப்பமும் உண்டாகும். அடுத்த ஆண்டு பரிசுக் குழுவாருக்கும் பார்க்க ஏதேனும் இருக்கும்.

தலைவரவர்கள் இதற்கு இசைந்து, வரும் மாதத்து இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணியைக் குறித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சுண்டல் தருவதாக மாதர் பகுதியார் ஏற்றுக்கொண்டனர். வருவோர் அவ்வாரம் எழுதிய ஏட்டைப் பிழைகளோடு அப்படியே கொண்டுவருக. வெள்ளைத்தாளில் அழகாகப் பெயர்த்தெழுதியது வேண்டா. பெற்றோர் அருகிலிருந்து எடுத்துக் கொடுத்தலும் வேண்டா. அழிக்கும் ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருக.